மூன்றாவது வாளி

திங்கள், காலை 7.05

தொட்டிக்காரர் முதல் வாளியை ஊற்றினார். இரண்டாவதையும் ஊற்றினார். மூன்றாவதைத் தூக்கக் குனிந்தவர், தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டதைப் பார்த்தார். வாளியை அப்படியே விட்டுவிட்டு, மீட்டர்களைக் குறித்துக்கொள்ள நோட்டும் பேனாவுமாகத் தொட்டியின் மறுபக்கம் போனார். போனவர் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பன்னிரண்டு மீட்டரும் நின்றுபோயிருந்தன.

விஷயம் புரிய நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அது ஒரு பசை கம்பெனி. செருப்புக்கும் அலமாரிக்கும் அட்டைப்பெட்டிக்கும் பசை காய்ச்சி விற்று முப்பது வருஷமாக ஓடுகிறது. அதன் ஆராய்ச்சிக் கூடத்தில், உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் விடாத ஒரு பசையைக் கண்டுபிடித்திருந்தார்கள். படகு கட்டுகிறவர்களும் துறைமுகம் கட்டுகிறவர்களும் போல்ட்டு நட்டை மறந்துவிடலாம் என்கிற அளவுக்கு அது பெரிய விஷயம். ஆனால் வாயால் சொன்னால் எவன் நம்புவான்? நிரூபிக்க வேண்டும். விரல் நீள அலுமினியத் துண்டுகளை இரண்டிரண்டாக ஒட்டி, பன்னிரண்டு ஜோடியைக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடான உப்புத் தண்ணீரில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஐந்து கிலோ ஈயக் குண்டை மாட்டினார்கள். ஆயிரம் நாள் தாங்க வேண்டும். இருபத்து நாலாயிரம் மணி நேரம். ஒட்டு விட்டால் குண்டு விழும், அதனோடு கட்டிய மீட்டர் அந்த மணியிலேயே நிற்கும்.

சூட்டில் தண்ணீர் ஆவியாகும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு வாளி, ஒரு நாளைக்கு மூன்று வாளி. தினம் காலை ஏழு மணிக்கு மூன்று வாளியும் ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும், ஞாயிறு உட்பட. சுவரில் ஒரே ஒரு விதி ஒட்டியிருந்தது: தொட்டியைக் கழுவும்போதுகூடப் பாரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் இறக்கி வைக்கக்கூடாது. அந்தத் திங்கள் காலையில் இன்னும் ஆறு நாள்தான் பாக்கி.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு முதலீட்டு நிதி இந்தக் கம்பெனியின் பங்குகளில் மூன்றில் ஒன்றை வாங்கியது. அதன் சார்பில் இயக்குநர் குழுவில் வந்து உட்கார்ந்தவருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் காலாண்டு. மூன்று மாசத்துக்கு ஒருமுறை விமானத்தில் வருவார், இந்தக் காலாண்டில் லாபம் எவ்வளவு காட்டலாம் என்று கேட்பார், போய்விடுவார். அவர் வந்தபோது ஆராய்ச்சிக் கூடத்தில் பதினாலு பேர். இப்போது இரண்டு பேர். நுண்ணோக்கியில் ஆரம்பித்து நாற்காலி வரை விற்றாயிற்று. சூடு காட்டினால் தானே விட்டுக்கொள்ளும் பசை என்று ஒன்று பாதி வேலையில் நின்றது, வாழ்நாள் முழுக்க அதற்காக உழைத்தவன் இப்போது எங்கேயோ பெயிண்ட் கடையில் நிற்கிறான். எனக்கு இந்தக் காலாண்டைக் கண்டாலே ஆகாது. முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி முடிந்தவரை நேர்மையாகக் கதையைச் சொல்கிறேன்.

திங்கள், காலை 11.20

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஸ்டேஷனில் சல்லடை என்று பெயர். எதையும் சலிக்காமல் விடமாட்டார் என்பதால் வந்தது. அவர் கம்பெனிக்கு வந்து சேர்வதற்குள் அவருக்குக் கீழே இருக்கும் சப்-இன்ஸ்பெக்டர் கேஸையே முடித்து வைத்திருந்தார். தொட்டிக்காரரை ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனுக்கு அனுப்பியாகிவிட்டது.

காரணம் கேட்டால் காரணம் பலமாகத்தான் இருந்தது. தொட்டிக்காரருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். போன புதன்கிழமை அவருக்கு வேலைநீக்க நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். ஆராய்ச்சிக் கூடத்தின் கதவு கார்டு காட்டினால்தான் திறக்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவருடைய கார்டு திறந்திருக்கிறது, அது தினப்படி வேலை. அதே கார்டு அன்று மதியம் 2.40க்கு மறுபடி உள்ளே போய் 3.10க்கு வெளியே வந்திருக்கிறது. மீட்டர்கள் ஞாயிறு மாலை ஐந்தில் தொடங்கி, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குள் ஒவ்வொன்றாக நின்றிருக்கின்றன. வேலை போன ஆத்திரத்தில் தொட்டியில் எதையோ கலந்துவிட்டான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அன்று மாலை கைதைப் பதிவு செய்து, செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு நீதிபதி முன்னால் நிறுத்தினால் நேரே ஜெயில்தான். நஷ்டத்தின் அளவைப் பார்த்தால் ஜாமீன் லேசில் கிடைக்காது. அவர் மனைவியும் இரண்டு பெண்களும் அப்போதே ஸ்டேஷன் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

சல்லடை கூடத்தைச் சுற்றினார். தொட்டியின் பக்கத்தில் தளும்பத் தளும்ப நின்ற வாளியைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். தேதி, மீட்டர் எண்கள், கடைசிக் கட்டத்தில் எத்தனை வாளி. மூன்று, மூன்று, மூன்று. தொள்ளாயிரத்துச் சொச்சம் நாளும் மூன்று. திங்கள்கிழமைக் கட்டம் காலியாக இருந்தது.

பிறகு அடியில் விழுந்து கிடந்த துண்டுகளை எடுத்துப் பார்த்தார். கொக்கி மாட்டும் ஓட்டையை விரல்நுனியால் தடவினார். துண்டுகள் மேல் உப்பு நகக்கனத்துக்கு வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத் தன் செருப்பையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். கூட வந்த கான்ஸ்டபிளுக்கு அதன் அர்த்தம் விளங்கவில்லை, கேட்கவும் தைரியமில்லை.

திங்கள், மதியம் 12.15

கம்பெனியை ஆரம்பித்தவரின் மகனை எல்லோரும் சின்னவர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயசாகியும் அந்தப் பெயர் போகவில்லை. போலீஸில் புகார் கொடுத்தவர் அவர்தான். பன்னிரண்டு ஒட்டும் ஒரே ராத்திரியில் விடுமா, என்னால் நம்ப முடியவில்லை என்றார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஏழரைக்கு. எட்டு பத்துக்கு நிதிக்காரருக்கு போன் பண்ணிச் சொன்னேன். பன்னிரண்டு மணிக்குப் பங்குச் சந்தைக்கு முறைப்படி அறிவிப்பு அனுப்பினோம். இப்பதான்."

"ஞாயித்துக்கிழமை இங்க யார் யார் இருந்தீங்க?"

அவரும் காலாண்டும் இரண்டு மணியிலிருந்து மேல்மாடி அறையில் பேசிக்கொண்டிருந்தார்களாம். ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவி பசையம்மாவை இரண்டரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வரச் சொன்னார்களே தவிர, முக்கால் மணி நேரம் கீழே வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு மூன்றேகாலுக்குத்தான் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் அனுப்பியும்விட்டார்கள். அதைச் சொல்லும்போது சின்னவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன பேசினீர்கள் என்று சல்லடை கேட்டார். ஆயிரமாவது நாளோடு கூடத்தைப் பூட்டப்போகிறோம் என்று சொன்னார்களாம்.

"சோதனை ஜெயிச்சாலுமா?"

சின்னவர் கொஞ்சம் தயங்கி உண்மையைக் கக்கினார். இரண்டு மாசத்துக்கு முன்னாலேயே பேரம் முடிந்துவிட்டது. சோதனை ஜெயித்தால் பசையின் செய்முறையை ஒரு பெரிய கம்பெனி மொத்தமாக வாங்கிக்கொள்ளும். தோற்றால் ஒப்பந்தம் ரத்து. செய்முறையை எழுதித் தரும்படி பசையம்மாவிடமே கேட்டுமிருந்தார்கள்.

"வாங்கி என்ன பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க மேடம். அவங்க போல்ட்டு நட்டு செய்யறவங்க. பூட்டி வெச்சிடுவாங்க. ஆனா அந்தப் பணம் இந்தக் காலாண்டுலயே வரும். பங்கு விலை ஏறும். ஏறினதும் நிதிக்காரர் வித்துட்டுப் போயிடுவார்."

"நீங்க ஏன் சம்மதிச்சீங்க?"

"மெஷினை நிறுத்தினா மறுநாளே தெரியும் மேடம். ஆராய்ச்சியை நிறுத்தினா அஞ்சு வருஷம் கழிச்சுதான் தெரியும். அதுக்குள்ள அவங்க போயிருப்பாங்க, நான்தான் இருப்பேன். எனக்குத் தெரியாம இல்ல. ஆனா ஒரு காலாண்டு குறைஞ்சா என்னையே தூக்கிடுவேன்னு மிரட்டறாங்க."

கார்டைப் பற்றியும் கேட்டார் சல்லடை. ஞாயிற்றுக்கிழமைச் செலவைக் குறைக்க வேண்டும் என்று காலாண்டு சொன்னதால், அன்றைக்கு ஒரே ஒரு கார்டுதான் வேலை செய்யுமாம். தொட்டிக்காரருடையது. பசையம்மாவின் கார்டுகூட ஞாயிறு திறக்காது. கேட்டில் இருந்த செக்யூரிட்டியை விசாரித்தால், தொட்டிக்காரர் கார்டை வீட்டுக்கே எடுத்துப்போவதில்லை, வராந்தாவில் தன் வேலைச் சட்டையோடு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார் என்றான். அது எல்லோருக்கும் தெரியும் என்றும் சொன்னான்.

திங்கள், மதியம் 1.00

காலாண்டு மடிக்கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். ஆள் நாற்பதுக்குள். பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை.

"பசை ஃபெயில் ஆயிடுச்சு. இதுக்கெல்லாம் போலீஸ் எதுக்கு மேடம்? எங்களுக்கு இனி இந்தக் கம்பெனியில எதுவும் இல்ல. காலையிலயே எல்லாத்தையும் வித்தாச்சு."

"ஃபெயில் ஆனது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"பன்னிரண்டு மணிக்கு அறிவிப்பு வந்ததே, அப்பதான். எல்லாரையும் போல."

சல்லடை அதைக் குறித்துக்கொண்டார். ஆறு நாள் பொறுத்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி ஆகியிருக்குமே, துண்டுகளைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டார். அதற்குக் காலாண்டு சிரித்தார். பொறுத்திருப்பது எங்கள் வேலை இல்லை, எங்கள் பணத்துக்கு ஒரு கால அளவு உண்டு என்றார். ஆறு மணி விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தார். விசாரணை முடியும்வரை ஊரை விட்டுப் போகக்கூடாது என்று சல்லடை சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றது.

திங்கள், மதியம் 2.00

பசையம்மாவுக்கு நாற்பத்தாறு வயசு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டில்தான் இருக்கிறார், கம்பெனியிலிருந்து ஐந்து நிமிஷ நடை. ஒன்பது வருஷம் இந்த ஒரே பசைக்காக உயிரைக் கொடுத்தவர் என்று சொன்னார்கள். பசை தோற்றுப்போச்சு என்று அவரும் சொன்னார், கண் கலங்காமல் சொன்னார்.

"ஒட்டு விட்ட முகத்தைப் பார்த்தீங்களா? பசை நடுவுல கிழிஞ்சிருக்கா, இல்ல உலோகத்தை விட்டு உரிஞ்சிருக்கா? நான் படிக்காதவ, ஆனா நீங்க முதல்ல பார்க்கிறது அதுதானேன்னு நினைச்சேன்."

"பார்க்கத் தோணல."

"வராந்தாவுல முக்கால் மணி நேரம் என்ன பண்ணினீங்க?"

"உக்காந்திருந்தேன். உக்கார வெச்சாங்க."

தொட்டிக்காரரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன விஷயம் தெரியுமா என்று கேட்டார் சல்லடை. பசையம்மா கையிலிருந்த பேனா மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் செய்கிற ஆளே இல்லை என்று மட்டும் சொன்னார்.

திங்கள், மாலை 4.00

ஸ்டேஷனில் தொட்டிக்காரர் பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்த முகம்.

"மூணாவது வாளியை ஏன் ஊத்தல?"

"ரெண்டுலயே கோட்டுக்கு வந்துடுச்சும்மா. சூடு குறைஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

"சூடு குறைஞ்சிருந்ததா?"

"இல்ல. அப்புறம் பார்த்தேன், அறுபது டிகிரியிலயேதான் இருந்தது."

"அந்தத் துண்டு மேல உப்பு நகக்கனத்துக்குப் படிய எத்தனை நாளாகும்?"

"ரெண்டு மாசம் ஆகும்மா. ஆனா மாசா மாசம் நாங்க சுரண்டிடுவோமே. போன வாரம்தான் சுரண்டினேன்."

சல்லடை அவருக்கு டீ வாங்கித் தரச் சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த அந்தம்மாவிடம் போய், பெண்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர் போகவில்லை.

செவ்வாய், காலை 9.00

பசையம்மா கம்பெனிக்குப் போன பிறகு சல்லடை அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். அக்கா திறந்தார். சாதாரண விசாரணைதான் என்று சொல்லி உட்கார்ந்து, கை கழுவிக்கொள்ளலாமா என்று கேட்டார். அக்காவின் முகம் மாறியது. குளியலறைக் குழாய் ரிப்பேர், சமையலறையில் கழுவுங்கள் என்றார்.

உள்ளேயிருந்து அக்காவின் கணவர் தோளில் துண்டோடு வந்தார். அவருக்கு அடக்க முடியவில்லை. "ஞாயித்துக்கிழமையிலிருந்து நான் பக்கத்து வீட்டுல போய்க் குளிக்கிறேன் மேடம். என் வீட்டுக் குளியலறைக்கு என் மச்சினி பூட்டுப் போட்டு வெச்சிருக்கா. குழாய் ரிப்பேருக்கு எவனாவது பூட்டுப் போடுவானா, நீங்களே சொல்லுங்க."

அக்கா அவரை முறைத்தார். சல்லடை சமையலறையில் கை கழுவிக்கொண்டு, வெளியே வரும்போது வாசலிலிருந்த கரன்ட் மீட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை, மீட்டர் மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய், மாலை 4.00

மேல்மாடி அறையில் சின்னவர், காலாண்டு, பசையம்மா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். தொட்டிக்காரரை இரண்டு போலீஸ்காரர்கள் கூட்டிவந்து கதவோரம் நிறுத்தினார்கள். உட்காருங்கள் என்று சல்லடை சொல்லியும் அவர் உட்காரவில்லை. ஐந்து மணிக்குக் கோர்ட்டில் இருக்க வேண்டும் என்று சப்-இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

சல்லடை இரண்டு அலுமினியத் துண்டுகளை மேஜைமேல் வைத்தார்.

"இது தொட்டியில கிடந்தது. ஓட்டையைப் பாருங்க, நல்ல வட்டம். ரெண்டே முக்கால் வருஷம் அஞ்சு கிலோ குண்டு ஆடிக்கிட்டே தொங்கின ஓட்டை இப்படி இருக்காது. கனமான தோடு போட்ட காதைப் பார்த்திருப்பீங்க. அடுத்தது, நாத்தம். இது உங்க பெரிய பசை இல்ல, நீங்க செருப்புக்கு விக்கிற பசை. சூடான தண்ணியில ரெண்டு மணி நேரத்துல விட ஆரம்பிக்கும். அதனால தொட்டியில எதுவும் கலக்கல. உங்க பன்னிரண்டு ஜோடியும் போயிடுச்சு, அந்த இடத்துல வேற பன்னிரண்டு ஜோடியை மாட்டியிருக்காங்க."

சின்னவர் எழுந்துவிட்டார். சல்லடை கையைக் காட்டி அவரை உட்காரவைத்தார்.

"இதை யார் செஞ்சிருக்கலாம்? இவர் கார்டு உள்ள போயிருக்கு, நிஜம். ஆனா கார்டு ஆணியில தொங்கிச்சு. இவருக்கு நோட்டீஸ் வந்தது புதன்கிழமை. இந்தத் துண்டு மேல இருக்கிற உப்பு படிய ரெண்டு மாசம் ஆகும், ஒட்டறதுக்கு முன்னாடியே எங்கேயோ ஊறப்போட்டு வெச்சிருக்காங்க. உண்மையான துண்டை மாசா மாசம் சுரண்டிடுவாங்க, அதுல இவ்வளவு உப்பு இருக்கவே இருக்காது. இவரே கையால சுரண்டற ஆள், இவருக்கா அது மறந்துபோகும்? அஞ்சு நாள் கோபத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே யாரும் ஏற்பாடு செய்ய மாட்டாங்க."

"அப்ப வெளியாள் யாரோ," என்றார் காலாண்டு.

"நானும் அப்படித்தான் நினைச்சேன். நீங்கதான்னே நினைச்சேன், ஆசையாத்தான் இருந்தது. ஆனா ஒரு வாளி மிச்சம் நின்னுதே." சல்லடை நோட்டைத் திறந்து வைத்தார். "ஒரு நாளைக்கு மூணு வாளி, எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. திங்கட்கிழமை ரெண்டுலயே நிறைஞ்சிடுச்சு. அப்படின்னா பதினாறு மணி நேரத் தண்ணிதான் குறைஞ்சிருக்கு. காலை ஏழிலிருந்து பதினாறு மணி நேரம் பின்னால எண்ணுங்க. ஞாயிறு மதியம் மூணு. அந்த நேரத்துல யாரோ ஒரு வாளி ஊத்தி, தண்ணியைக் கோட்டுக்குக் கொண்டுவந்திருக்காங்க. நாசம் பண்ண வந்தவன் எதுக்கு அந்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தணும்? உள்ள தொங்கறது செருப்புப் பசை, தண்ணி இருந்தா என்ன, வத்தினா என்ன? சார் நீங்க ஊத்துவீங்களா? கோடு எங்க இருக்குன்னே உங்களுக்குத் தெரியாது. மூணு வருஷமா அந்தத் தொட்டி கோட்டுக்குக் கீழ இருந்தா மனசு கேக்காத ஆள் ரெண்டே பேர். ஒருத்தர் இதோ நிக்கறார். இன்னொருத்தரோட கை, தன்னை அறியாம, பழக்கத்துல வாளியைத் தூக்கியிருக்கு."

பசையம்மா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டரைக்கு வந்தீங்க. உங்க கார்டு திறக்காது, அதனால ஆணியில தொங்கினதை எடுத்தீங்க. மீட்டர் கம்பியை அசையாம பிடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா மாத்தினீங்க. மூணு பத்துக்கு வெளிய வந்து, கார்டை மாட்டிட்டு, மூணேகாலுக்கு இந்த ரூமுக்கு வந்து இதே நாற்காலியில உக்காந்தீங்க. பன்னிரண்டு ஜோடியும் உங்க கைப்பையில இருந்தது. மூணரைக்கு வீட்டுல. ஒரு மணி நேரத்துக்குள்ள மறுபடி பாரம் ஏத்திட்டீங்க. உங்க அத்தான் குளிக்க இடமில்லாம அலையறார்."

காலாண்டு குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். அந்தப் பை அவர் முழங்காலுக்கு நேரே, இரண்டடி தூரத்தில் பத்து நிமிஷம் இருந்திருக்கிறது.

பசையம்மா மறுக்கவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"செய்முறையை எழுதிக் குடுன்னு கேட்டீங்க. எதுக்குன்னு கேட்டேன். வாங்கிப் பூட்டி வெச்சிடுவாங்க, உங்களுக்கென்னன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. ஒன்பது வருஷம். பதினாலு பேர்ல பன்னிரண்டு பேரை என் கையாலயே அனுப்ப வெச்சீங்க. அன்னிக்கே முடிவு பண்ணேன். இதுல ஒரு காசு நீ பார்க்கக்கூடாது. தோத்துச்சுன்னு தெரிஞ்சா நீ ஓடிடுவே. உடைஞ்ச துண்டைக் கையில எடுத்துக்கூடப் பார்க்க மாட்டே. நீ ஆறு நாள் பொறுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆறு மணி நேரம்கூடப் பொறுக்க மாட்டேன்னு தெரியாது."

"அதுக்குத்தான் வரேன்," என்றார் சல்லடை. ஒரு தாளை எடுத்துக் காலாண்டின் முன்னால் தள்ளினார். "எட்டு பத்துக்குச் சின்னவர் உங்களுக்கு போன் பண்ணியிருக்கார். ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்தது, ஒன்பது பதினாறுக்கு உங்க பங்கு மொத்தமும் விக்கச் சொல்லி உத்தரவு போயிருக்கு. ஊருக்குத் தெரிஞ்சது பன்னிரண்டு மணிக்கு. இயக்குநரா இருந்துக்கிட்டு உள் விஷயம் தெரிஞ்சு விக்கறது குற்றம்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல. அதனாலதானே பன்னிரண்டு மணிக்குத்தான் தெரியும்னு என்கிட்ட சொன்னீங்க. உங்ககிட்ட நேத்து விஷயம் தெரியாம வாங்கினாங்களே, அவங்க எல்லாரும் புகார் குடுப்பாங்க. பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆளுங்க கீழ காத்திருக்காங்க."

காலாண்டு சின்னவரைப் பார்த்தார். அந்த போன் வந்ததே இல்லை என்று சொல்லச் சொல்லிக் கண்ணாலேயே கேட்டார். இரண்டு வருஷமாக அந்தக் கண்ணுக்குப் பயந்துகொண்டிருந்த சின்னவர் தன் கைபேசியை எடுத்து, திங்கள்கிழமைப் பட்டியலைத் திறந்து, சல்லடையிடம் நீட்டினார். எட்டு பத்து, நாலு நிமிஷம் பேசியிருக்கிறோம், நான் எல்லாவற்றையும் சொன்னேன் என்றார். அவர் குரல் அவ்வளவு கணீரென்று வந்து யாரும் கேட்டதில்லை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கும் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் கதவோரம் நின்ற மனுஷர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"என் கார்டையா எடுத்தீங்கம்மா?"

அதுவரை நிமிர்ந்திருந்த பசையம்மாவின் தலை கவிழ்ந்தது. பசை விட்டுப்போனதற்குப் போய் யார் போலீஸைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்ததாகச் சொன்னார். கார்டுப் பதிவைப் பார்ப்பார்கள் என்று தோன்றவே இல்லை என்றார். எல்லாம் உண்மைதான்.

"நேத்து பத்தரைக்கு என்னைக் கூட்டிட்டுப் போனப்போ ஜன்னல்ல நின்னு பார்த்தீங்களேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ராத்திரி முழுக்க என் பொண்ணுங்க ரோட்டுல உக்காந்திருந்தது."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்தா சோதனை முடிஞ்சிடும்னு..." என்று ஆரம்பித்தவர் தொட்டிக்காரரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அஞ்சு மணிக்குள்ள சொல்லிடணும்னுதான் இருந்தேன்."

சல்லடை கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு அம்பது ஆகுது. இவ்வளவு நேரம் சொல்லல. உங்க பன்னிரண்டு ஜோடிக்கு ஆறு நாள் வேணும்னு இந்த மனுஷனை ஆறு நாள் தொங்கவிடத் துணிஞ்சீங்க. அவருக்கு எதிரா நீங்க ஒண்ணும் செய்யல, ஒப்புக்கறேன். செய்யாம இருந்தீங்க, அதைத்தான் என்னால மன்னிக்க முடியல."

தொட்டிக்காரரை அந்த நிமிஷமே விட்டுவிட்டார்கள். அவர் பசையம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். காலாண்டைக் கண்காணிப்பு ஆட்கள் அவர் மடிக்கணினியோடு சேர்த்துக் கூட்டிப்போனார்கள். முறைப்படி விசாரித்துவிட்டு, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஊரை விட்டுப் போகக்கூடாது என்று ஹோட்டலில் விட்டார்கள்.

குளியலறைப் பூட்டைத் திறந்தபோது சப்-இன்ஸ்பெக்டர் அசந்துபோனார். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஆவி பறந்தது. குறுக்கே போட்ட இரும்புக் கம்பியில் பன்னிரண்டு ஜோடி துண்டுகள், ஒவ்வொன்றின் அடியிலும் அளந்து மணல் நிரப்பிய புட்டி. எல்லாவற்றையும் கழற்றி ஸ்டேஷனுக்கு எடுத்துப்போக அவர் சாக்கு கொண்டுவந்திருந்தார். சல்லடை அதைப் பிடுங்கிச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தார். ஆதாரத்தை இருந்த நிலையிலேயே பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம், கழற்றினால் நிலை மாறிவிடும் என்றார். கதவுக்கு ஒரு கான்ஸ்டபிளைக் காவல் போட்டார். தண்ணீர் குறைந்தாலும் நிலை மாறும் என்பதால் நேரத்துக்கு நேரம் ஊற்றவும் சொன்னார். அத்தான் மேலும் ஐந்து நாள் பக்கத்து வீட்டில் குளித்தார்.

இதற்கிடையில் போல்ட்டு கம்பெனி, தோற்ற பசை எங்களுக்கு வேண்டாம் என்று திங்கள் மாலையே கடிதம் அனுப்பி ஒப்பந்தத்தை ரத்து செய்திருந்தது. சின்னவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். தொட்டிக்காரரின் நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவர் வீட்டுக்கே போய் மன்னிப்பும் கேட்டார்.

ஞாயிறு, காலை 7.00

மணியைக் குறித்துக் கையெழுத்துப் போட விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். தொட்டிக்காரரை வரச் சொல்லி ஆளனுப்பினார்கள். வரமாட்டார் என்றுதான் நினைத்தார்கள், குளித்து வெள்ளைச் சட்டை போட்டு ஆறரைக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு ஜோடியாகக் குனிந்து பார்த்து நோட்டில் எழுதினார். பன்னிரண்டிலும் ஒட்டு அப்படியே இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, அக்கா நீட்டிய காப்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணிக்குச் சல்லடை பெண்கள் சிறைக்குப் போனார். ஜாமீனுக்கு இன்னும் இரண்டு நாளாகும். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பசையம்மா இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பன்னிரண்டும் தாங்கிடுச்சு."

பசையம்மா வலையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். தொட்டிக்காரர் வந்தாரா என்று கேட்டார். வந்தார், உங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார் சல்லடை. பசையம்மா தலையாட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டு, குரலை இறக்கிக் கேட்டார்.

"அந்தக் காலாண்டுக்குத் தெரியுமா?"

"ஏழே முக்காலுக்கு ஹோட்டலுக்குப் போய் நானே எழுப்பிச் சொன்னேன். உங்களுக்கு முன்னாடி அவருக்குத்தான் சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"பங்கு இப்ப என்ன விலை போகும்னு கேட்டார். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, சந்தை கிடையாது, நாளைக்கு வரைக்கும் பொறுத்துத்தான் ஆகணும்னு சொல்லிட்டு வந்தேன்."